செருப்பைத் தெருவைப் பார்த்துக் கழற்றுங்கள்: வீடு தேடிச் செல்லும் சமூகப் பணியாளர்களின் பாதுகாப்பு

குடும்ப வன்முறைப் புகார், குழந்தைத் திருமணத் தகவல், கவனிப்பாரற்ற முதியவர், குடியிலிருந்து மீள முடியாத இளைஞர் என்று ஏதேனும் ஒன்றின் பொருட்டுத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊர்களுக்குள் நாள்தோறும் போய்வருகிற ஊர்நல அலுவலர்கள், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அமர்த்தப்பட்ட பாதுகாப்பு அலுவலர்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தின் வழக்குப் பணியாளர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, அடிக்க வந்தால் என்ன செய்வது?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்வேன். ஆனால் அடிக்கக் கை ஓங்குகிற நேரத்தில் நாம் செய்யக்கூடியவை மிகக் குறைவு; எந்த நேரத்துக்குப் போனோம், எங்கே உட்கார்ந்தோம், நாம் அங்கே இருப்பது யாருக்குத் தெரியும் என்ற மூன்றும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் அல்ல. வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், வெண்ணாற்றுக் கரையோர ஊர் ஒன்றுக்கு, கணவன் அடிப்பதாகத் தகவல் சொல்லியிருந்த ஒரு பெண்ணைப் பார்க்கப் பிற்பகல் 3 மணிக்குப் போனேன். தாழ்வான கூரை வீடு. குனிந்துதான் நுழைய வேண்டும். அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படிச் சுவரோரம் போட்டாள், நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், அவளுடைய கணவர் நிலைப்படியில் நின்றுகொண்டு ஒரு கையால் கூரை மூங்கிலைப் பிடித்திருந்தார். கதிர் அறுக்கும் கருக்கரிவாள் அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளிக் கீற்றில் செருகப்பட்டிருந்தது. அவர் கத்தவில்லை. "யாரக் கேட்டு உள்ள வந்தே?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அவரைத் தாண்டாமல் வெளியேற வழியே இல்லை. எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் வந்து, "தம்பி, நவுந்துக்க, அந்தப் புள்ள போவட்டும்" என்று சொன்னதால் அவர் அரையடி விலகினார். என் செருப்பு அவர் காலடியில் கிடந்தது. அதை எடுக்கத் துணியாமல், சித்திரை வெயிலில் தார்ச்சாலை வரை வெறுங்காலோடு நடந்தேன். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னபோது, "இதெல்லாம் இந்த வேலையில சகஜம்மா" என்று கோப்பை மூடிவிட்டார். அந்தச் சொல்லை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. தாக்குதல் இந்த வேலையின் இயல்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது.

கிளம்புவதற்கு முன்

டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறக்கின்றன. குடி தொடர்பான புகார் உள்ள வீட்டுக்குப் போவதானால் முற்பகலிலேயே போய்த் திரும்பிவிடுவது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தாலே பாதி ஆபத்து குறையும். ஆனால் நம் பகுதியில் இதற்கு ஓர் எதிர்ச்சிக்கலும் உண்டு. நடவு, களையெடுப்பு நாள்களிலும் நூறு நாள் வேலை நடக்கும் நாள்களிலும் பெண்கள் காலையிலேயே வெளியே போய்விடுவார்கள். நாம் போகும்போது அந்த ஆள் மட்டும் வீட்டில் இருப்பார். ஆகவே பாதிக்கப்பட்ட பெண்ணை அவளுடைய வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே முதலில் விட்டுவிடுங்கள். அங்கன்வாடி மையம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள், பள்ளிக்கூடம் ஆகிய இடங்களுக்கு அவள் வருவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே அவளும் பாதுகாப்பாகப் பேசலாம், நாமும் பாதுகாப்பாகக் கேட்கலாம்.

ஆண்டின் பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கையில் காசில்லாமல் கரையில் இருப்பார்கள். உள்பகுதியில் சம்பா அறுவடை முடிந்து மேட்டூர் தண்ணீர் வரும் வரை வேலை இருக்காது. மகளிர் குழுக் கடன் தவணையோ வாரம் தவறாமல் வாசலுக்கு வந்து நிற்கும். அந்த மாதங்களில், புதிதாக ஒருவர் பையோடு வாசலில் வந்து நின்றால் தவணை வசூலுக்கு வந்தவராகத்தான் முதலில் எண்ணுவார்கள். ஆகவே நாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்பதைப் படியேறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கோப்பைப் படிக்கும்போது, அந்த வீட்டில் இதற்கு முன் யாரையாவது அடித்திருக்கிறார்களா, ஆயுதம் எடுத்திருக்கிறார்களா, அண்மையில் நீதிமன்ற உத்தரவு ஏதும் வந்திருக்கிறதா, குழந்தையை விடுதிக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மனிதர் எதையோ இழந்த மறுநாள்தான் மிகவும் ஆபத்தானவர் என்பது என் அனுபவம். குழந்தைத் திருமணம் ஒன்றை நிறுத்திய மறுநாள் பெண்ணின் தந்தையைத் தனியாகப் பார்க்கப் போகாதீர்கள். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த முன்பணம், உறவினர் முன் பட்ட அவமானம் எல்லாம் சேர்ந்து அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். கோப்பில் இல்லாததைத் தலையாரி, கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஆசிரியை ஆகியோரிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் எந்த வீட்டின் எந்தப் புகாருக்காகக் கேட்கிறோம் என்பதை அவர்களிடம் வெளியிடாமல் கேட்கும் பக்குவம் வேண்டும், ஏனெனில் நாம் வண்டியை எடுப்பதற்குள் செய்தி அந்த வீட்டுக்குப் போய்விடும்.

அலுவலகத்தில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: ஊர், தெரு, போகும் நேரம், திரும்ப வேண்டிய நேரம், வண்டி எண். திரும்ப வேண்டிய நேரம் கடந்து அரை மணி ஆகியும் தகவல் இல்லையென்றால் யார் அழைப்பது, அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்து எந்தக் காவல் நிலையத்துக்குச் சொல்வது என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதி வைத்துவிட்டு ஒருவரும் பார்க்காத நோட்டினால் பயனில்லை. பார்ப்பதற்கென்று நாள்தோறும் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை 1 மணி நேரத்துக்கோ 8 மணி நேரத்துக்கோ பகிர்ந்துவிட்டுப் போகலாம், ஆனால் வயல்நடு ஊர்கள் பலவற்றில் சிக்னல் நின்றுவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் அலுவலகத்தில், "அந்தப் பச்சைக் கோப்பு மேசையில் இருக்கிறதா?" என்று தொலைபேசியில் கேட்டால் உடனே ஆள் அனுப்பு என்று பொருள். எதிரில் இருப்பவருக்கு அது வெறும் அலுவலகப் பேச்சாகத்தான் கேட்கும்.

வாசலும் இருக்கையும்

வாய்க்கால் கரைப் பாதைகள் குறுகலானவை. அவசரத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. போனவுடனேயே, பொறுமையாக இருக்கும்போதே, வண்டியை வெளியேறும் திசை பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுச் சாவியைப் பைக்குள் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றி முகம் தெரியும்படி வாசலில் நின்று குரல் கொடுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுக்க முடியும். அட்டையைக் காட்டிவிட்டுப் பைக்குள் வைத்துவிடலாம்.

நம் ஊர்களில் செருப்போடு வீட்டுக்குள் போக முடியாது, போகவும் கூடாது. ஆகவே வார் கட்டும் செருப்பைத் தவிர்த்து, காலை நுழைத்தால் போதும் என்ற வகையை அணியுங்கள். அதையும் படிக்கு நேர் எதிரே விடாமல், சற்று ஒதுக்குப்புறமாக, தெருவைப் பார்த்தபடி கழற்றி விடுங்கள். சிறிய காரியமாகத் தோன்றும். வெறுங்காலோடு ஓடியவர்களுக்குத் தெரியும்.

திண்ணை இருக்கும் வீடு என்றால் திண்ணையைவிட நல்ல இடம் வேறு இல்லை. அது வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. தெருவில் போகிறவர்களுக்கு நாம் தெரிவோம், பேச்சு அவர்களுக்குத் தெளிவாகக் கேட்காது. உள்ளே அழைத்தால், "இங்கேயே காற்று நல்லா வருதும்மா" என்று உட்கார்ந்துவிடலாம். உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் வாசலுக்கு அருகில், வாசல் உங்களுக்குப் பக்கவாட்டில் தெரியும்படி அமருங்கள். அந்த ஆளுக்கும் வாசலுக்கும் நடுவிலும் உட்காராதீர்கள், வாசலுக்கும் உங்களுக்கும் நடுவில் அவர் அமரும்படியும் விடாதீர்கள். வழி மறிக்கப்பட்டதாக அவர் உணர்ந்தாலும் ஆபத்துதான். சமையல் நடக்கும் பகுதியிலும், மண்வெட்டி, அரிவாள் வைத்திருக்கும் மூலையிலும் இருக்க வேண்டாம். தேநீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வது மரியாதை. ஆனால் ஆத்திரத்தில் இருப்பவர் கையில் கொதிக்கும் டம்ளர் இருக்கும்போது பேச்சைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அலுவலகத்திலும் இதே கணக்குதான். மனு நிராகரிக்கப்பட்ட கோபத்தோடு வருகிறவருக்கு முன்னால் பேப்பர் வெயிட், கத்தரிக்கோல், கோப்புக் கட்டும் குத்தூசி ஆகியவை மேசைமேல் இருக்க வேண்டிய அவசியமில்லை. மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, பெயர் வராத பெண்கள் அலுவலக வாசல்களில் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர்களுடைய கோபத்தில் பெரும்பகுதி ஆயிரம் ரூபாய்க்காக மட்டும் வந்தது அல்ல. ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லாததால் வந்தது. காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தபோது, கத்திக்கொண்டு வந்தவர்களில் பலர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பேச்சு

குரல் உயர்வது மட்டுமே அடையாளம் அல்ல. தாடை இறுகும், விரல்கள் மடங்கும், கால் மாற்றி மாற்றி நிற்பார், அதுவரை கத்தியவர் திடீரென்று அமைதியாகி உங்களையே பார்ப்பார். அவரைவிட அவரைச் சுற்றியிருப்பவர்களைக் கவனியுங்கள்: பேச்சின் நடுவே மாமியார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து பின்கட்டுக்குப் போனாலும், விளையாடிய பிள்ளைகள் சத்தமின்றி நின்றாலும், பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டாலும், இதற்குமுன் அங்கே என்ன நடந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் விலகும்போதே நீங்களும் விலகுங்கள்.

இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். கைகள் வெளியே தெரியட்டும். "அமைதியா இருங்க", "சத்தம் போடாதீங்க" என்ற சொற்களால் அமைதியானவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. "அண்ணே, ரொம்ப அலைய விட்டுட்டாங்கன்னு தெரியுது, முழுசா சொல்லுங்க, கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே கேளுங்கள். வயதுக்கேற்ப ஐயா, அண்ணே, தம்பி என்று அழைப்பது போதும். மனைவி முன்னால் ஒருவரை ஒருமையில் பேசினால் அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் ஏறாது. அவர் சொல்வது பொய் என்று தெரிந்தாலும் அந்த நேரத்தில் அதை நிரூபிக்க முயலாதீர்கள். "திண்ணையில் உட்கார்ந்து பேசலாமா, மரத்தடிக்குப் போகலாமா?" என்று அவர் தேர்ந்தெடுக்கக்கூடிய சிறிய காரியம் ஒன்றைக் கொடுங்கள். உங்களால் முடியாததை வாக்களிக்காதீர்கள். நாளை அந்த வாக்கே இன்னொருவருக்கு அடியாக விழும்.

"நீ எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று சிலர் கேட்பார்கள். எதை அறியக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அந்தக் கேள்வி என் உடலில் ஏற்படுத்துகிற கொதிப்பை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் வைத்து அதற்குப் பதில் சொல்வதில்லை. அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, வந்த வேலைக்குப் பேச்சைத் திருப்புகிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதி வையுங்கள், பட்டியல் இனத்தவர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

எல்லா ஆவேசமும் கோபம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகளையும் ஆள்களையும் பார்த்து மிரள்வது, நேரமும் இடமும் தெரியாமை ஆகியவை வரலாம். அது உயிருக்கு ஆபத்தான நோய்நிலை. அறிவுரைக்கு அங்கே வேலையில்லை, 108 தான் வேண்டும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி சாப்பிடாமல் இருந்தாலும், தலையில் அடிபட்டவருக்கும், இதேபோன்ற குழப்பமும் ஆத்திரமும் வரும். மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியது காவல்துறையின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 கூறுகிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு.

விலகுவது

எழுந்து போவதற்கு ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கட்டும். "வண்டியில் ஒரு பேப்பரை விட்டுட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வர்றேன்" என்பது என்னுடையது. பை, குடை, கோப்பு எது உள்ளே கிடந்தாலும் திரும்பப் போகாதீர்கள். அவருக்கு முதுகு காட்டாமல் சில அடி பின்வாங்கிய பிறகு திரும்புங்கள். செல்பேசியை எடுத்துப் படம் பிடிப்பதும், "போலீஸைக் கூப்பிடுவேன்" என்று சொல்வதும் அந்த நொடியில் அடியை வரவழைக்கும். வெளியே வந்த பிறகு சொல்லாமல் கூப்பிடுங்கள். 112, பெண்களுக்கான 181, குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098 ஆகியவற்றையும் அந்தச் சரகக் காவல் நிலைய எண்ணையும் மனப்பாடமாக வைத்திருங்கள். கணவன் மனைவியை அடிக்கும்போது நடுவில் பாய்ந்து தடுப்பதைவிட, வெளியே வந்து குரல் எழுப்பித் தெருவைக் கூட்டுவதும் காவல்துறையை அழைப்பதும் இருவரையும் காக்கும். கை பற்றிக்கொண்டால் இழுபறி செய்யாமல், பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருகி விடுவித்துக்கொண்டு நகருங்கள். சண்டை போட நாம் வரவில்லை.

கூட்டமாக ஆத்திரப்படும்போது இதில் பல விதிகள் பொருந்தா. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு, நிவாரணப் பொருள்களோடு போன வண்டிகளை ஊர் எல்லையிலேயே மக்கள் மறித்ததைப் பார்த்தோம். பசியிலும் கூரையில்லாத வீட்டிலும் இருப்பவர்களின் கோபம் அது. பொருள்களைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் ஊரோடு பேசிப் பட்டியலை ஒத்துக்கொள்ளச் செய்து, எத்தனை பேருக்கு இருக்கிறது, மீதிப் பேருக்கு எப்போது வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்ன இடங்களில் தள்ளுமுள்ளு குறைவு. மீனவ ஊர்களில் பஞ்சாயத்தாரைக் கடந்து எதையும் கொடுக்கப் போகக்கூடாது. அதே நேரத்தில் தனித்து வாழும் பெண்களும் ஊர்க்கணக்கில் இல்லாத குடும்பங்களும் அந்தப் பட்டியலில் விடுபடுவது உண்டு என்பதால், அவர்களை முன்கூட்டியே தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு

தப்பித்து வந்த கையோடு வண்டியை ஓட்டாதீர்கள், கை நடுங்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு மறைந்ததும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, யாரையாவது வரச்சொல்லுங்கள். அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் பின்னால் வழக்கு நிற்பது கடினம். அன்று இரவுக்குள், நடந்த வரிசையில், அவர் சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதுங்கள்.

குடும்ப வன்முறைத் தடைச் சட்டம் 2005-இன் 30-ஆவது பிரிவின்படி, பாதுகாப்பு அலுவலர்களும் பதிவுபெற்ற சேவை அமைப்புகளின் உறுப்பினர்களும் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பணியாற்றும்போது பொது ஊழியர்களாகவே கருதப்படுகிறார்கள். அவர்களைக் கடமை செய்யவிடாமல் தாக்குவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பாதுகாப்பு இல்லாத தொண்டு நிறுவன ஊழியரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை: கை வைக்காமல் வாசலை மறித்து நிற்பதுகூட 126-ஆவது பிரிவின்படி குற்றம்தான். எல்லை எங்களுடையது அல்ல என்று ஒரு காவல் நிலையத்தில் சொன்னாலும், எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்; குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பாதீர்கள். பாலியல் தொல்லையாக இருந்தால், பணிநிமித்தம் போன வீடும் சட்டப்படி பணியிடமே. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 3 மாதத்துக்குள் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் சிறு நிறுவனத்தில் உள்ளவர்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது.

நாம் வந்துவிட்டோம், அந்தப் பெண் அங்கேயே இருக்கிறாள். நம் மீது காட்ட முடியாத ஆத்திரம் அவள் மீது இறங்கும். ஆகவே திரும்பியதும் செய்ய வேண்டிய முதல் அழைப்பு அவளுக்குரியது. ஆனால் அவள் முன்பே சொல்லிவைத்த பாதுகாப்பான நேரத்தில், அல்லது அங்கன்வாடி ஆசிரியை வழியாக. அவள் விரும்பினால் அன்றே ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க ஏற்பாடு செய்யலாம்.

அந்த வெண்ணாற்றங்கரை வீட்டுக்கு நான் மறுபடியும் போனேன். 11 நாள் கழித்து, காலை 10 மணிக்கு, இன்னொரு பணியாளரோடு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு. உள்ளே போகவில்லை, அந்த மூதாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கணவரை வரச்சொன்னோம். அவர் வந்து நின்றார், சிறிது நேரம் கழித்து எதிர்த்திண்ணையில் அமர்ந்தார், குத்தகை நிலத்தில் இரண்டு போகம் கருகிய கதையைச் சொன்னார். கேட்டேன். அதற்காக மனைவியை அடித்தது சரியாகிவிடாது என்பதையும், குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அடுத்த சந்திப்பை அவருக்கு ஊராட்சி அலுவலகத்திலும் அவர் மனைவிக்கு அங்கன்வாடியிலும், வெவ்வேறு நாள்களில் வைத்து நோட்டில் எழுதிக்கொண்டோம்.